சிவக்காத நீலம்

தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால், ப்ளவுஸ் தைக்கிற கடைக்கு மாடியில் ரூபீனாவின் அலுவலகம். பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கிடங்குகளையும் நனைந்த மூட்டைகளையும் கிளறிப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவள். ‘பொருளெல்லாம் உண்மையைத்தான் சொல்லுது, மனுஷங்கதான் சொல்றதில்ல’ என்று அலுத்துப்போய், நாற்பதாவது வயதில் சொந்தமாகத் துப்பறியும் தொழில் ஆரம்பித்தாள். சந்தேகம் அவளுக்குத் தும்மல் மாதிரி. வந்துவிட்டால் அடக்க முடியாது.

நவம்பர் மாதம். காலை பத்தரைக்கே இருட்டிக்கொண்டு மழை. அவள் மேஜை மேல் ஷூ டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக்கில் செய்தது, உட்கார்ந்திருந்தது. உள்ளே கறுத்து உப்பிப் போன ஒரு புத்தகம். ஊறவைத்த ரொட்டி போல இருந்தது. பெட்டியைக் கொண்டுவந்த அம்மாள் குடையை மடக்கக்கூட மறந்து நின்றார்.

“உக்காருங்க டீச்சர்” என்று குடையை வாங்கி மடக்கினான் ஆம்ப்ரோஸ். ஐம்பது வயது. பழைய கால்டாக்சி டிரைவர், இப்போது ரூபீனாவின் உதவியாளன். “மேடம், இவங்கதான் கரோல் டீச்சர். எங்க சர்ச்சுப் பங்கு. என் பொண்ணுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தவங்க. அது பாஸாச்சு. அதுவே பெரிய அற்புதம்.”

கரோல் சிரிக்கவில்லை. அறுபத்துமூன்று வயது. மயிலாப்பூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாந்தோம் பக்கம் ஒரு சின்னப் பங்குக் கோயிலின் பழைய ஆவணங்களைச் சம்பளமில்லாமல் பாதுகாத்து வருகிறார்.

“முந்நூறு வருஷத்துப் பழைய ஜெபப் புத்தகம்மா. கையால தமிழ்ல எழுதினது. பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். அடையாறுல குருபிரசாத்னு ஒருத்தர் கலைக்கூடம் நடத்துறார். நாற்பது நாள் கண்காட்சிக்கு வேணும்னு கேட்டார். பங்குக் கமிட்டி கொடுக்கச் சொல்லிச்சு. நானே பெட்டியில வெச்சு, மூடி மேல தாள் ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நேத்து சாயங்காலம் இப்படித் திரும்பி வந்திருக்கு.”

“அவர் என்ன சொல்றார்?”

“பெட்டியைத் திறக்கவே இல்லையாம். என் கையெழுத்து போட்ட தாள் கிழியாம இருக்கே, பாருங்கன்றார். பெட்டியில ஈரம் கசிஞ்சிருக்கு, நாற்பது நாள்ல கொஞ்சம் கொஞ்சமா புத்தகம் அழுகிடுச்சு, பெட்டி கொடுத்த டீச்சர்தான் பொறுப்புன்றார்.” கரோல் கைப்பையை இறுக்கிக்கொண்டார். “இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கமிட்டி கூடுது. என்கிட்டேர்ந்து ஆவண அறைச் சாவியை வாங்கப் போறாங்க. அது போகட்டும். நானே புத்தகத்தை ஏதோ பண்ணிட்டேன்னு ரெண்டு பேர் பேசுறாங்களாம்.”

ரூபீனா பெட்டியைச் சுற்றி வந்தாள். புத்தகத்துக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட சின்னத் தகர டப்பா. அதற்குள் ரோஸ் நிறத்தில் மணிகள்.

“இன்னா டீச்சர், ஜவ்வரிசி கணக்கா கீது?” என்றான் ஆம்ப்ரோஸ்.

“சிலிக்கா மணி. ஈரத்தை உறிஞ்சுறதுக்கு. அதுல கோபால்ட் குளோரைடு ஏத்தியிருக்கும். காய்ஞ்சிருந்தா நீலம், ஈரம் பட்டா ரோஸ். நான் அனுப்பும்போது அத்தனையும் நல்ல நீலம்.”

“கலரு எப்டி மாறுது?”

கரோலின் முதுகு தானாக நிமிர்ந்தது. “கோபால்ட் அணு ஒண்ணு நடுவுல இருக்குன்னு வெச்சுக்கோ. வறண்டு இருக்கறப்ப அதைச் சுத்தி நாலு மூலையில நாலு பேர், குளோரின் மாதிரி ஆளுங்க. அப்ப நீலம். ஈரம் வந்தா தண்ணி மூலக்கூறுங்க உள்ள நுழைஞ்சு ஆறு பேரா சூழ்ந்துக்கும். இடம் மாறினா அது பிடிக்கிற வெளிச்சமும் மாறும். அதான் ரோஸ். மறுபடி சூடு பண்ணினா தண்ணி ஓடிடும், பழையபடி நீலம்.”

“நாலு பேரு போற ஆட்டோல ஆறு பேரு ஏறினா மூஞ்சி செவக்காம இன்னா பண்ணும்?”

ரூபீனா பெட்டியோடு முகத்தை ஒட்டி, டப்பாவின் ஓட்டைகள் வழியே மணிகளை உற்றுப் பார்த்தாள். முழு மணிகள் நாலைந்துதான். மீதியெல்லாம் இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்து நொய் அரிசி போல் இருந்தன.

“டீச்சர், இதே மணி வேற இருக்கா?”

கரோல் கைப்பையிலிருந்து சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்தார். ஒரே பாக்கெட்டில் வாங்கியதாம். உள்ளே மயில்கழுத்து நீலத்தில் உருண்டை உருண்டையாக மணிகள். ரூபீனா நாலு மணிகளை ஒரு தட்டில் போட்டு, மழைச்சாரல் படாத ஜன்னலோரம் வைத்தாள். இன்னும் நாலு மணிகளை டீக்கடை கிளாஸில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றினாள்.

பட், பட், படக்! கடுகு தாளிக்கிற மாதிரி சத்தம். மணிகள் கிளாஸுக்குள்ளேயே துள்ளித் துள்ளி வெடித்தன. சத்தம் அடங்கியபோது அடியில் கிடந்தது ரோஸ் நொய்.

ஜன்னலோர மணிகள் மாற ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அதற்குள் மூன்று பேரும் டீ குடித்து முடித்து, ஆம்ப்ரோஸ் தன் மகள் கல்யாணப் பேச்சு வரைக்கும் சொல்லிவிட்டான். மணிகள் மெதுவாக ஊதா ஆகி, பிறகு ரோஸாக வெளுத்தன. ஒன்றுகூட உடையவில்லை.

“காத்துல வர்ற ஈரம் மணியை உடைக்காது” என்றாள் ரூபீனா. “இது கசிஞ்ச ஈரமில்ல. யாரோ பெட்டிக்குள்ள தண்ணியை ஊத்தியிருக்காங்க.”

“எப்படிம்மா? என் கையெழுத்து அப்படியே இருக்கே!”

ரூபீனா பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் இரண்டு பித்தளைக் கீல்கள். கீலுக்குள் போகிற கம்பி ஆணிகளின் தலையில் புதுக் கீறல் பளபளத்தது. ஆணியை விரலால் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. முன்னால் ஒட்டிய தாள் அசையாமலேயே மூடி பின்பக்கமாக வாய் திறந்தது.

“சரிதான்” என்றான் ஆம்ப்ரோஸ். “எல்லாரும் சீலைப் பாத்தாங்க, ஒருத்தனும் கீலைப் பாக்கல.”

கரோலைப் பெட்டியோடு பங்கின் ஆவண அறைக்கு அனுப்பிவிட்டு, இருவரும் அடையாறுக்குக் கிளம்பினார்கள்.

குருபிரசாத்தின் கலைக்கூடம், மரங்கள் சூழ்ந்த உள்தெருவில் ஒரு பழைய பங்களா. மனிதர் வெள்ளைப் பட்டு ஜிப்பாவில் இருந்தார். பேச்சில் தேன். ரூபீனா நீட்டி முழக்கவில்லை. டப்பாவிலிருந்து எடுத்து வந்த உடைந்த மணிகளை ஒரு காகிதத்தில் கொட்டி அவர் முன்னால் வைத்தாள். கீல் ஆணியைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள்.

குருபிரசாத் மணிகளையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

“சொல்லிடறேன் மேடம். இனிமே மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. கேட்லாகுக்குப் போட்டோ எடுக்கப் பெட்டியைப் பின்பக்கமாத் திறந்தோம். மேலே இருந்த ஏசியிலேர்ந்து தண்ணி கொட்டிடுச்சு. பயந்துட்டேன். பழியை டீச்சர் மேல போட்டேன். பெரிய பாவம். அஞ்சு மணிக்கு நானே கமிட்டிக்கு வந்து ஒத்துக்கறேன்.” மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். “இந்தாங்க, மன்னிப்புக் கடிதம். படிச்சுப் பாருங்க.”

ரூபீனா படித்தாள். டைப் செய்த கடிதம். அடியில் கையெழுத்து. தேதி நேற்று.

நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். போகிற வழியில், புத்தகம் வைத்திருந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். வாசலுக்கு எதிர்ச் சுவரோரம் ஒரு மேடை. ஏசி இருந்தது கூடத்தின் மறுகோடியில். அதன் கீழே ஒரு பிரம்பு நாற்காலி. நாற்காலியின் மெத்தையில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. தண்ணீர் பட்ட தடமே கிடையாது.

வெளியே வந்ததும் ஆம்ப்ரோஸ் கையைத் தட்டினான். “கேஸ் முடிஞ்சிது மேடம். டீச்சர் சாவி டீச்சர்கிட்டயே. போற வழில பிரியாணி.”

“ஆம்ப்ரோஸ், உன்னை யாராவது திருடன்னு சொன்னா என்ன பண்ணுவே?”

“அடிப்பேன்.”

“அப்புறம்?”

“இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுவேன்.”

“நாம வருவோம்னு அந்த ஆளுக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடியே மன்னிப்பை டைப் அடிச்சு இழுப்பறையில வெச்சிருக்கான். கசிவுன்னு சொன்னது எடுபட்டா அது. எடுபடலைன்னா இது. ரெண்டு பொய் தயாரா வெச்சிருக்கற ஆளு மூணாவதா எதையோ காப்பாத்தறான்.” அவள் திரும்பிப் பங்களாவைப் பார்த்தாள். மாடி ஜன்னலில் திரை அசைந்தது. “நீ இங்கேயே இரு. எதிர்ல இளநி வண்டி இருக்கு. அவன் வெளியில வந்தா பின்னாடியே போ.”

“எவ்ளோ நேரம்?”

“வர்ற வரைக்கும்.”

“இளநில குளிக்க வுட்ருவீங்க போலருக்கே மேடம்.”

ரூபீனா ஆட்டோ பிடித்துச் சாந்தோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

ஆவண அறை கோயிலுக்குப் பின்னால், பத்துக்குப் பத்து. மர அலமாரிகள். கரோல் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வெள்ளைத் துணி மேல் படுக்க வைத்திருந்தார். கடிதத்தைப் படித்ததும் அவருக்கு மூச்சு சீராயிற்று. ஆனால் கண்ணில் வெளிச்சம் வரவில்லை.

“என் பேர் தப்பிச்சது. புத்தகம் போச்சே.”

“உள்ளே பார்த்தீங்களா டீச்சர்?”

“இல்லம்மா. மனசு வரல.”

“இப்ப பார்க்கலாமா? நான் கூட இருக்கேன்.”

கரோல் தட்டையான ஒரு எலும்புக் கத்தியை எடுத்து, ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்கு நடுவே மெல்ல நுழைத்தார். புண்ணிலிருந்து கட்டைப் பிரிப்பது போலிருந்தது அவர் கை. முதல் சில பக்கங்கள் கூழ். எழுத்தெல்லாம் கரைந்து மசி மேகம். நடுப்பகுதிக்கு வந்தபோது பக்கங்கள் கொஞ்சம் பிரிந்தன. அங்கே விரல் அகலத்தில் ஒரு தாள் பட்டை செருகியிருந்தது.

“இது என்ன டீச்சர்?”

“நான் வெச்சதும்மா. வடிதாளைக் கோபால்ட் குளோரைடு கரைசல்ல நனைச்சுக் காய வெச்சுப் பட்டையா வெட்டினது. மணியெல்லாம் பெட்டிக்குச் சொல்லும், இது புத்தகத்துக்கு உள்ளே…” என்று சொல்லிக்கொண்டே அதை இடுக்கியால் தூக்கினார்.

பட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கரோலின் கை அப்படியே நின்றது.

“ரூபீனா.”

“சொல்லுங்க.”

“இது நீலமா இருக்கு.”

ரூபீனா குனிந்து பார்த்தாள்.

“சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு” என்றார் கரோல், ஒவ்வொரு சொல்லாக. “என் தாளா இருந்தா எப்பவோ ரோஸாகி, சாயமே கரைஞ்சு போயிருக்கணும். இது ஏதோ நீலக் கலர் சார்ட் பேப்பர்.” பட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். “இது என் தாள் இல்ல. அப்படின்னா…”

“அப்படின்னா இது உங்க புத்தகமும் இல்ல” என்றாள் ரூபீனா.

கரோல் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நகல் ஒண்ணு தயார் பண்ணியிருக்கான். உள்ளே என்ன இருந்ததோ அதையெல்லாம் அப்படியே செஞ்சு வெச்சான். நடுவுல நீலமா ஒரு பட்டை இருந்தது. அடையாளத்துக்கு வெச்சதுன்னு நினைச்சு அதையும் வெட்டி வெச்சான். நகல்னு யாரும் கண்டுபிடிக்கக் கூடாதில்லையா? தண்ணியை ஊத்திக் கூழாக்கிட்டான். செத்துப்போன புத்தகத்தை யாரு தேடுவாங்க?”

“அசல்?”

“அவன்கிட்ட இருக்கு. எங்கேன்னுதான் தெரியல. உங்க தாள் அதுக்குள்ளேயே இருக்கும், பழைய சாமானோட சாமானா.” ரூபீனா மேஜையை விரலால் தட்டினாள். “டீச்சர், நீங்க அவனுக்கு ஒரு போன் பண்ணணும். அந்தத் தாள் இருந்தா புத்தகத்துக்கு ஆபத்துன்னு சொல்லணும்.”

கரோல் மறுத்துத் தலையை ஆட்டினார். “நான் பொய் சொல்ல மாட்டேன். எதிரியா இருந்தாலும்.”

“அந்தத் தாளைப் பத்தி நிஜமாவே கவலைப்படற மாதிரி ஏதாவது உண்டா?”

கரோல் யோசித்தார். “உண்டு. அந்த உப்பு ஈரமானா லேசா அமிலத்தன்மை காட்டும். வருஷக்கணக்குல பக்கத்தோட ஒட்டிக்கிட்டே இருந்தா காகிதத்துக்கு நல்லதில்ல. பக்கத்தைத் தொடாத மாதிரி உறையில போட்டு வெச்சிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன். அது என் தப்புதான்.”

“அதையே சொல்லுங்க. ஒரு எழுத்து கூட்ட வேணாம்.”

கரோல் போனை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் தேன் குரல்.

“உங்க கடிதம் வந்தது சார். ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. என் பக்கமும் ஒரு தப்பு இருக்கு, சொல்லாம இருந்தா தூக்கம் வராது. புத்தகத்துக்கு நடுவுல நீலத்தாள் ஒண்ணு வெச்சிருந்தேன். அது கோபால்ட் குளோரைடு. காத்துல ஈரம் பட்டா ரோஸாகும். அப்ப அதுல அமிலத்தன்மை உண்டு. பழைய காகிதத்தை அரிக்கும். அதை உள்ளே வெச்சிருக்கவே கூடாது.”

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

“அரிக்கும்னா…” குரலில் தேன் வற்றியிருந்தது. “எவ்வளவு நாள்ல அரிக்கும்?”

ரூபீனா கரோலைப் பார்த்தாள். புத்தகம் கூழாகிவிட்டது என்று ஒப்புக்கொண்ட மனிதன் கேட்கிற கேள்வியா இது?

“என்னால சொல்ல முடியாது சார்” என்றார் கரோல். அதுவும் உண்மை. போனை வைத்தார்.

பன்னிரண்டாவது நிமிஷம் ஆம்ப்ரோஸ் அழைத்தான். “மேடம், ஆளு கார் எடுத்துக்கினு பறக்குறான். நான் பின்னாடியே ஆட்டோல போய்க்கினு கீறேன். டிடிகே ரோடு தாண்டியாச்சு. தேனாம்பேட்டை பக்கம் திரும்புறான். மூணு இளநி குடிச்சிருக்கேன், சீக்கிரம் முடிங்க.”

தேனாம்பேட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு கூரியர் அலுவலகம். ரூபீனாவும் கரோலும் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது மணி நாலேகால். வாசலில் நின்ற ஆம்ப்ரோஸ் கண்ணாலேயே உள்ளே காட்டினான். வழியிலேயே ரூபீனா தகவல் சொல்லியிருந்த இன்ஸ்பெக்டர் மாளவிகாவும் ஒரு கான்ஸ்டபிளோடு வந்து சேர்ந்தார்.

கவுன்ட்டரில் குருபிரசாத் முக்கால் உடம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தார். “காலையில புக் பண்ணின பார்சல்மா. இன்னும் போகலையே? அதுலேர்ந்து ஒரே ஒரு பேப்பர் எடுத்துட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்துடறேன்.”

“ஃபாரின் பார்சல், சீட்டு வேணும் சார்” என்றாள் கவுன்ட்டர் பெண். சீட்டைக் கொடுத்தார். உள்ளே போய்ப் பார்சலைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே எழுதியிருந்தது: கல்யாணப் பத்திரிகை மாதிரிகள்.

“யாருக்குங்க கல்யாணம்?” என்றான் ஆம்ப்ரோஸ், பின்னாலிருந்து.

குருபிரசாத் திரும்பினார். ஜிப்பாவின் நிறத்துக்கு முகம் வெளுத்தது. ஆனால் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பார்சலைப் பிரித்தார். காற்றே புகாத மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிச் சுற்றிய, தோல் அட்டை போட்ட புத்தகம்.

“இது எங்க குடும்பப் புத்தகம்” என்றார் குருபிரசாத். “அதே மாதிரி பழசு. இவங்களோடதுதான்னு எப்படி நிரூபிப்பாங்க? அதுதான் நனைஞ்சு போச்சே, இவங்க கையிலேயே இருக்கே!”

எல்லாரும் கரோலைப் பார்த்தார்கள். அவர் கவுன்ட்டர் பக்கம் வரவே இல்லை. நான்கு அடி தள்ளி, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் தொடலை மேடம். நீங்களே பிரிங்க” என்றார் இன்ஸ்பெக்டரிடம். “நடுவுல விரல் அகலத்துக்கு ஒரு தாள் இருக்கும். காத்துப் புகாத உறைக்குள்ள இருந்ததால இப்ப நீலமா இருக்கும். வெளியில எடுத்து மேஜை மேல வைங்க. இந்த மழைக் காத்துல பத்து நிமிஷத்துக்குள்ள ரோஸாகும். முதல்ல ஓரம், அப்புறம் நடு.”

இன்ஸ்பெக்டர் உறையைக் கிழித்தார். பக்கங்களைப் புரட்டினார். கறுப்பு எழுத்து, நடுவே சிவப்பிலும் பச்சையிலும் ஒரு தேவதூதர் படம், நேற்று வரைந்த மாதிரி. அடுத்த பக்கத்தில் நீலப் பட்டை. எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

கவுன்ட்டர் பெண் எட்டிப் பார்த்தாள். பார்சல் அனுப்ப வந்த ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு நிமிஷம். மூன்று. நீலம் நீலமாகவே இருந்தது. குருபிரசாத்தின் உதட்டோரம் ஒரு சிரிப்பு தலைகாட்டியது. ரூபீனா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஓரம்” என்றாள் கவுன்ட்டர் பெண் திடீரென்று. “ஓரத்தைப் பாருங்க!”

பட்டையின் விளிம்பு ஊதாவாக மங்கியது. மங்கல் உள்பக்கமாக ஊர்ந்தது. ஊதா வெளுத்து ரோஸானது. கடைசியாக நடுவில் பொட்டளவு நீலம் நின்று, அதுவும் போயிற்று. கரோல் சொன்ன வரிசையில், ஒரு பிசகும் இல்லாமல்.

குருபிரசாத் சுவரில் சாய்ந்தார். கான்ஸ்டபிள் அவர் பக்கத்தில் போய் நின்றான்.

“போன்ல என்னை ஏமாத்திட்டீங்க டீச்சர்” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஒரு வார்த்தை பொய் சொல்லல சார்.”

“எவ்ளோ நாள்ல அரிக்கும்னு கேட்டியே நைனா, அப்பவே மாட்டிக்கின” என்றான் ஆம்ப்ரோஸ்.

அப்போது கரோலின் போன் அடித்தது. பங்குத்தந்தை. சுற்றி இருந்தவர்களுக்கும் குரல் கேட்டது: கமிட்டி ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், எங்கே இருக்கிறீர்கள், சாவியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கரோல் கவுன்ட்டருக்கு வந்தார். அதுவரை வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் கையில் விரிந்து கிடந்த தேவதூதர் மேல் ஒரு சொட்டு விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வர்றேன் ஃபாதர். கொஞ்சம் லேட்டாகும்” என்றார். “நம்ம புத்தகம் ஈரக் காத்துல திறந்து கிடக்கு. முதல்ல அதை மூடணும்.”